சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு: காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அழைக்க வரும் அம்மாக்கள், ஐயாக்கள் (எங்கள் பக்கத்தில் தாத்தாவை ஐயா என்போம்), அப்பத்தாக்கள் எல்லாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வேட்டிக்கட்டு மடிப்பில் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டே கேட்பார்கள், வண்டியைக் கிளப்பப் போகும்போது நினைவு வந்து திரும்பிக் கேட்பார்கள். வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் இங்கே முழுதாகச் சொல்கிறேன். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

“டீச்சர், காலையில எந்திரிச்சுக் கிளம்புறதுக்குள்ள வீடே அல்லோலகல்லோலப்படுது. என்னதான் பண்றது?”

மூன்று வயதுப் பிள்ளைக்கு மணி தெரியாது. எதற்கு அப்புறம் எது என்பது நன்றாகத் தெரியும். “எட்டே கால் ஆச்சு” என்று கத்துவது அதற்கு வெறும் சத்தம். “பல்லு விளக்கினதும் குளியல், குளிச்சதும் இட்லி, இட்லி முடிஞ்சதும் செருப்பு” என்பது அதற்குப் புரியும் கணக்கு. அந்த வரிசையை ஞாயிற்றுக்கிழமைகூட மாற்றாமல் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து நாளில் பிள்ளையே அடுத்தது என்ன என்று சொல்லிவிடும். சீருடை, சாக்ஸ், பை எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஒரே இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஏதாவது ஒரு வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். சட்டைப் பொத்தான் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பொத்தானை ஓட்டைக்குள் பாதி தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் பிடித்து இழுக்க விரல் ஒத்துழைக்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பார்க்கிற நமக்குக் கை பரபரக்கும். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்காகக் கால் மணி நேரம் முன்னால் எழுப்பினாலும் நஷ்டம் இல்லை. தன் பொத்தானைத் தானே போட்ட பிள்ளை அன்று பள்ளிக்கு வரும்போதே நிமிர்ந்து வருகிறது. வாசலில் நின்று தினமும் அதைப் பார்க்கிறேன்.

“செல்லு குடுத்தாத்தான் வாயைத் தெறக்குறான். இல்லேன்னா ஒரு வாய் இறங்காது.”

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். படம் ஓடும்போது பிள்ளை சாப்பிடவில்லை, விழுங்குகிறது. வயிறு நிறைந்ததும் அதற்குத் தெரியாது, என்ன ருசி என்றும் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைத்தால் நல்லது என்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் செல்போன் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும்.

நிறுத்துவதென்றால் ஒரேயடியாக நிறுத்துங்கள். வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் அழுகை இருக்கும், சாப்பாடும் குறையும். உடம்பு நன்றாக இருக்கிற பிள்ளை அதனால் இளைத்துவிடாது. பெரியவர்கள் சாப்பிடும் நேரத்திலேயே பந்தியில் உட்காரவைத்து, தனித் தட்டு போட்டு, கையால் எடுத்துச் சாப்பிட விடுங்கள். சிந்தினால் சிந்தட்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையை ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். அரை மணி நேரம் ஆகிவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை பலகாரம், பிஸ்கட் எதுவும் வேண்டாம். என்ன வைப்பது என்பது நம் பாடு, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பாடு.

பாலையும் கவனியுங்கள். ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப் பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் இருக்காது. இரும்புச் சத்தும் குறையும். “பாலாவது குடிக்கிறானே” என்று ஆறுதலாக இருப்பதுதான் பல வீடுகளில் உள்ள சிக்கல்.

“நம்ம வீட்டுப் பலகாரம் எல்லாம் எந்த வயசுலருந்து குடுக்கலாம்?”

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அப்புறம் குழைந்த பருப்புச் சோறு, இட்லி, பாலில் ஊறவைத்த இடியாப்பம், மசித்த வாழைப்பழம் என்று தொடங்கலாம். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் சேர்க்காதீர்கள். தேன் ஒரு சொட்டுகூட நாக்கில் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்தைச் சமாளிக்கும் சக்தி கைக்குழந்தையின் குடலுக்கு இல்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தடவும் சேனை தொட்டுவைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சடங்கு நடக்கும் நேரத்தில் தடுத்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

ஒரு வயதுக்கு மேல் வெள்ளைப் பணியாரத்தை எண்ணெய் ஒற்றி, பிய்த்துக் கொடுக்கலாம். கூட வைக்கும் காரச் சட்னியைத் தள்ளி வையுங்கள். கவுனி அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து நன்றாகக் குழைய வேகவிட்டால்தான் சின்னப் பிள்ளை வயிற்றுக்கு ஒத்துவரும். தேன்குழல், சீப்புச்சீடை, முழு நிலக்கடலை, முழு முந்திரி இவற்றில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். நான்கு வயது வரை வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொண்டால் நிமிடக் கணக்கில்தான் நேரம் இருக்கும். கல்யாண வீட்டில் ஓடி விளையாடும் பிள்ளையின் கையில் யாராவது முறுக்கைக் கொடுத்துவிட்டால், உட்காரவைத்துவிட்டு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். உரை மருந்து பற்றியும் கேட்கிறார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது அதற்கும் பொருந்தும்.

“எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி சாம்பிராணி போடணும்னு ஆயா சொல்றாங்க. டாக்டர் வேண்டாங்கிறார்.”

எண்ணெய் தேய்ப்பது நல்லதுதான். மெல்லத் தடவிவிடுங்கள். காலில் கிடத்திக் கையையும் காலையும் நீவிவிடும் அந்தக் கால் மணி நேரத்தில் ஆயாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் நடக்கும் பேச்சு வேறு எங்கும் கிடைக்காது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, தொப்புளில் எதையாவது வைப்பது, கண்ணுக்குள் மை தீட்டுவது இவை வேண்டாம். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்திலோ உள்ளங்காலிலோ வையுங்கள்.

சாம்பிராணிப் புகை சின்ன நுரையீரலுக்கு ஆகாது. தலையைத் துணியால் ஒற்றி வெயில் படும் இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே முடி உலர்ந்துவிடும். ஆயா கேட்காவிட்டால், சாமி வீட்டில் சாம்பிராணி போடட்டும், பிள்ளை வளவில், அதாவது நடு முற்றத்தில், இருக்கட்டும்.

“ராத்திரி பதினோரு மணியானாலும் தூங்க மாட்டேங்குறா.”

ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். இரவு பதினொன்றுக்குப் படுத்துக் காலை ஏழுக்கு எழும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்? காலையில் அது அடம் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

முதல் கேள்வியில் சொன்ன வரிசைதான் இதற்கும். சாப்பாடு, முகம் கழுவல், விளக்கைக் குறைத்தல், ஒரு கதை, படுக்கை. கதை புதிதாக இருக்க வேண்டியதில்லை. அதே காக்காவும் அதே நரியும் தினமும் வந்தால் பிள்ளைக்கு இன்னும் பிடிக்கும். ஒரு வார்த்தையை மாற்றினால்கூடத் திருத்தும். மாலை ஐந்து மணிக்கு மேல் பகல் தூக்கம் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூளியில் போடும் பழக்கம் உள்ளவர்கள், பெரியவர் ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டால் தூளியை அவிழ்த்துவிட வேண்டியதுதான்.

“பெரிய வீட்டுக்கு லீவுக்கு வந்திருக்கோம். விட்டா எங்க போறான்னே தெரியல. எதைப் பார்க்கணும், எதை விடலாம்?”

செட்டிநாட்டு வீட்டைப் போலப் பிள்ளை ஓடுவதற்கு ஏற்ற வீடு கிடையாது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் ஓடலாம். தூணைச் சுற்றி ஒளியலாம், வளவில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சென்னையில் இரண்டு அறைக்குள் இருந்துவிட்டு வந்த பிள்ளை இங்கே வந்ததும் கால் தரையில் பாவாமல் ஓடும். ஓட விடுங்கள். ஆனால் இந்த வீடுகள் ஒரு கட்டுக்கு நான்கு பேர் இருந்த காலத்தில் கட்டப்பட்டவை. எந்த மூலையில் பிள்ளை நின்றாலும் யாராவது ஒரு பெரியம்மாவின் கண்ணில் படும். இன்று பல வீடுகளில் ஐயாவும் அப்பத்தாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். அதனால் வந்து இறங்கிய அன்றே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

முதலில் தண்ணீர். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டிருக்கிறதா, அது பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மழைத் தண்ணீர் பிடிக்க வளவின் தாழ்வாரத்துக்குக் கீழே அண்டா, கிடாரம் வைத்திருப்பார்கள். சில அங்குலத் தண்ணீர் போதும், தலைகுப்புற விழுந்த பிள்ளையால் எழ முடியாது. அதிலும் சத்தமே வராது. பாத்திரங்களைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது கனமான மூடி போடுங்கள். குளியலறை வாளிக்கும் இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்திருக்கும். வாசல் கதவின் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால், மேலே இன்னொன்று போட்டுவிடுங்கள்.

அடுத்தது கதவு. தேக்குக் கதவு மெதுவாகத்தான் சாத்தும், ஆனால் அதன் கனம் முழுவதும் கீல் பக்கத்து இடுக்கில் வந்து விழும். சின்ன விரல் போவது அந்த இடுக்கில்தான். பழைய துண்டை நீளமாக மடித்துக் கதவின் மேல் விளிம்பில் போட்டுவிட்டால் கதவு முழுதாகச் சாத்தாது. பண்டக அறைகளைப் பூட்டியே வைக்கலாம். அங்கே அடுக்கியிருக்கும் பித்தளையும் பீங்கானும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்பவை.

மூன்றாவது, உட்கார்ந்தபடி தள்ளும் சக்கர வாக்கர். இந்த வீடுகளில் அது கூடவே கூடாது. தாழ்வாரத்திலிருந்து வளவுக்குள் இறங்கும் விளிம்பில் தடுப்பு ஏதும் இருக்காது. வழவழப்பான கல்லில் வாக்கர் நாம் எட்டிப் பிடிப்பதற்குள் உருண்டு விளிம்பைத் தாண்டிவிடும். கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நடை சீக்கிரம் வருவதற்கும் அது உதவுவதில்லை. பிள்ளை எழுந்து நின்று பின்னாலிருந்து தள்ளும் மர நடைவண்டி வேறு விஷயம். பக்கத்தில் ஆள் இருந்தால் அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

“சும்மா போரடிக்குதுங்கிறா. எந்த வகுப்புல சேக்கலாம்?”

நான்கு வயதில் எந்த வகுப்பும் வேண்டாம். வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வது, உளுந்தில் கல் பார்ப்பது, துவைத்த துணியில் இன்னாருடையது எது என்று பிரிப்பது, வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பது எல்லாம் அதற்கு விளையாட்டுத்தான். பணியாரக் குழியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் எண் சீக்கிரம் பிடிபடும் பிள்ளைகளில் பாதிப் பேர் அடுப்படியில் வளர்ந்தவர்கள். (அடுப்பிலிருந்து இரண்டு கை தள்ளி உட்கார வேண்டும் என்ற விதி மட்டும் மாறக் கூடாது.) வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும் என்பது தெரியும். அந்த நேரம்தான் பிள்ளைக்கு வேண்டியது.

“சிங்கப்பூர்ல பொறந்தவ. இங்க வந்தா யாரும் பேசுறது புரியாம முழிக்கிறா. ரெண்டு மொழி பேசுனா பேச்சு லேட்டாகுமா?”

ஆகாது. இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசும். அது குழப்பம் அல்ல, கையில் இருக்கும் சொல்லை எடுத்துப் பேசுகிறது. ஆளுக்கு ஒரு மொழி என்று வைத்துக்கொள்வது எளிது. அப்பத்தா தமிழ் மட்டும் பேசட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும், அப்பத்தா தமிழிலேயே தொடரட்டும். “எங்கே, ஐயாவுக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டு” என்று பத்துப் பேர் முன்னால் நிறுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த முறை வாயே திறக்காது. தெருப் பிள்ளைகளோடு ஒரு மாதம் விளையாட விட்டால் தமிழ் தானாக வரும்.

“பூச்சாண்டி வர்றான்னு சொன்னா உடனே சாப்பிட்டுடுறான். அதுல என்ன தப்பு?”

அன்று சாப்பிடுவான். இரவில் பின்கட்டுக்குத் தனியாகப் போகமாட்டான். இருட்டான பெரிய வீட்டில் பயத்தை நாமே வைத்துவிட்டு, அப்புறம் “என்ன இப்படிப் பயப்படுற” என்று கேட்பது நியாயமில்லை. டாக்டர் ஊசி போடுவார், டீச்சர் அடிப்பார், போலீஸ்காரர் பிடிப்பார் என்பதும் இதே வகைதான். உதவி தேவைப்படும்போது பிள்ளை ஓடிப்போக வேண்டிய ஆட்கள் அவர்கள். திருவிழாக் கூட்டத்தில் தவறிப்போன பிள்ளை போலீஸ்காரரைப் பார்த்து ஒளிந்துகொண்டால் என்ன செய்வீர்கள்? மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் பால்குடக் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் செல்போன் எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். தவறிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்றும், காக்கிச் சட்டை போட்டவரிடமோ பிள்ளையோடு நிற்கும் ஒரு அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்றும் வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்.

“கடைத்தெருவுல கீழ விழுந்து பொரண்டு அழுகுறா. எல்லாரும் பாக்குறாங்க. மானமே போகுது.”

ஒன்றரை வயதிலிருந்து மூன்றரை வயது வரை இது எல்லா வீட்டிலும் உண்டு. ஆசை பெரிதாக இருக்கும், அதைச் சொல்லச் சொல் இருக்காது, அடக்கத் தெரியாது. வளர்ப்புச் சரியில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த நேரத்தில் புத்தி சொன்னால் காதில் ஏறாது. வண்டி வாகனம் இல்லாத ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “அந்தப் பந்து வேணும்னு ஆசையா இருக்கு, கிடைக்கலேன்னு கோபம்” என்று அதன் மனதில் இருப்பதை ஒரு முறை சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தான்.

அழுகைக்காகப் பந்தை வாங்கிக் கொடுத்தால் அடுத்த வாரமும் அதே கடை வாசலில் அதே அழுகை. அடித்தால் அழுகை நிற்கும், ஆனால் கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதுதான் பிள்ளைக்குப் படிந்துபோகும். பசி, தூக்கம், வெயில் இந்த மூன்றும் சேர்ந்த நேரத்தில் கடைக்கு அழைத்துப் போகாமல் இருந்தாலே பாதி அழுகை வராது. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜவுளிக் கடைக்குள் நின்றால் நமக்கே எரிச்சல் வருகிறதே.

“தம்பி பொறந்ததுலருந்து மூத்தவன் படுக்கையில ஒண்ணுக்குப் போறான், பாப்பா மாதிரி பேசுறான்.”

பின்னோக்கிப் போவது இந்த வயதில் இயல்பு. திட்டாதீர்கள், கேலியும் வேண்டாம். “உன்னை விட்டுட்டுத் தம்பிக்குத்தான் எல்லாம்” என்று விளையாட்டுக்குச் சொல்லும் உறவுக்காரர்களிடம் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தம்பியைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் மூத்தவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே வரட்டும். தினமும் ஒரு கால் மணி நேரம், தம்பி வேறு யாரிடமாவது இருக்க, அம்மா அவனுக்கு மட்டும். காலைக் குளியலாக இருக்கலாம், இரவுக் கதையாக இருக்கலாம். நாள் தவறாமல் அதே நேரம் கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால் மெல்ல அடங்கும்.

“அவுக வெளிநாட்டுல இருக்காக. பிள்ளை அப்பா முகத்தை செல்லுலதான் பாக்குது. திரையே கூடாதுன்னு சொல்றீங்களே?”

வீடியோ அழைப்பு அந்தக் கணக்கில் வராது. குழந்தை மருத்துவர்களும் இதை விலக்காகத்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் எதிரில் இருப்பது பதில் பேசும் ஆள். ஆனால் “அப்பாவுக்கு வணக்கம் சொல்லு, முத்தம் குடு, ரைம்ஸ் சொல்லு” என்று படுத்தினால் பிள்ளை இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும். செல்போனைச் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அப்பா அங்கே சாப்பிட, பிள்ளை இங்கே சாப்பிடலாம். (சாப்பாட்டு நேரத்தில் நான் ஒத்துக்கொள்ளும் ஒரே திரை இது.) அப்பா அங்கிருந்தே இரவுக் கதை சொல்லலாம். தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் அப்பா தினமும் தன் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் காட்டி “இதுல என்ன காய், சொல்லு” என்று கேட்பாராம். அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் எல்லாக் காயின் பெயரும் தெரியும்.

அப்பா ஊருக்கு வந்த முதல் இரண்டு நாள் பிள்ளை ஒட்டாமல் அம்மா பின்னால் ஒளிந்தால் அவர் மனம் நோக வேண்டாம். பொம்மையை நீட்டிப் பக்கத்தில் இழுக்காமல், குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பள்ளிக்கு விடுவது என்று அன்றாட வேலைகளை அவர் கையில் எடுத்துக்கொண்டால் சீக்கிரம் ஒட்டிவிடும்.

“பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கணும். மூணு வயசுப் பிள்ளை வாயில எரியிற திரியை எப்படிக் குடுக்கிறது?”

தெரியாதவர்களுக்கு: திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், நகரத்தார் வீடுகளில் 21 நூலிழையைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைக்குச் சுடர் வேண்டாம். பெரியவர் தன் கையில் சுடரைக் காட்டி, அணைத்து, திரியை எடுத்துவிட்டு மாவை மட்டும் ஊட்டினால் போதும். பட்டுப்பாவாடையும் நைலான் சட்டையும் வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். நீள முடியைக் கட்டிவிடுங்கள். பிள்ளைக்கு நோன்பில் பிடித்தது பொரிதான். நெல்பொரி, கம்புப்பொரி, சோளப்பொரி என்று பிரித்துப் பார்க்க விட்டால் இரவு முழுக்க அதிலேயே இருக்கும். நெல்பொரியில் உமி ஒட்டியிருந்தால் தொண்டையில் சிக்கும் என்பதால் நீங்கள் புடைத்துக் கொடுங்கள்.

“நான் ஒண்ணு சொன்னா அப்பத்தா ஒண்ணு செய்றாங்க. பிள்ளை ரெண்டு பேரையும் வச்சு விளையாடுது.”

எல்லாவற்றிலும் ஒத்துப்போக முடியாது, தேவையும் இல்லை. அப்பத்தா மடியில் ஒரு சட்டம், அம்மா மடியில் ஒரு சட்டம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். அப்பத்தா ஒரு வாய் கூட ஊட்டிவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆபத்துள்ளவற்றில் மட்டும் வீடு முழுக்க ஒரே பேச்சு இருக்க வேண்டும். தண்ணீர், அடுப்பு, மாத்திரை, தொண்டையில் அடைக்கும் தின்பண்டம், ரோடு. இவற்றை மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட, அவர் மகன் சொல்வது சுளுவாக இறங்கும். பிள்ளை எதிரில் சொல்லாதீர்கள்.

சாம்பிராணி மாதிரி விஷயங்களில் டாக்டர் வாயால் சொல்லவைப்பது நல்லது. தடுப்பூசிக்குப் போகும்போது அப்பத்தாவையும் அழைத்துப் போங்கள், கேள்வியை அவரே கேட்கட்டும். அவர் வளர்த்த முறையில் உள்ள நல்லதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாலு பிள்ளை வளர்த்த கை அது. நம்மை வளர்த்ததும் அதுதான்.

“ஐயா தவறிட்டாங்க. பிள்ளை ‘ஐயா எங்கே’ன்னு தினமும் கேக்குது. என்னன்னு சொல்றது?”

“ஐயா இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறதை நிறுத்திருச்சு. இனிமே வரமாட்டாங்க. நமக்கு வருத்தமா இருக்கு.” இவ்வளவுதான், இதே சொற்களில். “தூங்குறாங்க” என்றால் பிள்ளை இரவில் கண் மூடப் பயப்படும். “ஊருக்குப் போயிருக்காங்க” என்பது நம் பக்கத்தில் இன்னும் மோசம். மேலே சொன்னபடி பாதிப் பிள்ளைகளின் அப்பா நிஜமாகவே ஊருக்குப் போயிருக்கிறார். ஊருக்குப் போனவர் திரும்பி வரமாட்டார் என்று அது புரிந்துகொண்டால், அப்பாவை விமான நிலையத்தில் வழியனுப்பும் நாளில் என்ன ஆகும்?

மறுநாளும் கேட்கும், அடுத்த வாரமும் கேட்கும். சாவு திரும்பாதது என்பது இந்த வயதுக்குப் பிடிபடாது. ஒவ்வொரு முறையும் பொறுமையாக அதே பதில். துக்க வீட்டிலேயே சிரித்து விளையாடினால் அதட்டாதீர்கள், அதற்கு வருத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு நாளில் ஐயா படத்துக்கு முன்னால் பிள்ளை கையால் ஒரு பூ வைக்கட்டும். ஐயாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் இலையில் இருப்பதைக் காட்டிச் சொல்லுங்கள்.

“எப்போ வீட்டு வைத்தியம் போதும், எப்போ டாக்டர்ட்ட ஓடணும்?”

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் தொட்டாலே உடனே போக வேண்டும், கஷாயம், ஈரத்துணி என்று காத்திருக்கக் கூடாது. எந்த வயதிலும் வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத சோர்வு, எதையும் குடிக்காமை, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை இவை இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுதாகக் கலக்க வேண்டும். அரைப் பாக்கெட்டைக் கண் மதிப்பில் கலக்காதீர்கள்.

வளர்ச்சியில் பார்க்க வேண்டியவை வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் நடக்காதது, 16 மாதம் ஆகியும் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல் சேர்க்காதது, வந்த பேச்சு நின்றுபோவது. “அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனான்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். இந்த வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடமே சொல்லலாம், மேல் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதை இதற்குக் காரணமாக யாராவது சொன்னால், மேலே சிங்கப்பூர்ப் பிள்ளைக்குச் சொன்ன பதிலைப் படித்துவிட்டு, பரிசோதனைக்குக் கிளம்புங்கள்.